கையளவுக் கார்

நாள்தோறும் கண்ணிற்படும் பொருளை மனிதர் உண்மையில் காண்பதில்லை. இது முரண்பட்ட கூற்றாகத் தோன்றலாம்; ஆயினும் எளிதில் மெய்ப்பிக்கத் தக்கதே. பத்து ஆண்டுகள் ஒரே காரை ஓட்டிய ஒருவரிடம், அதன் முன்புறக் கம்பித் தட்டியில் எத்தனை கம்பிகள் உள்ளன என்றோ, கதவின் கைப்பிடி எந்த இடத்தில் வளைகிறது என்றோ கேட்டால், அவர் விடை கூறத் திகைப்பார். அவர் அதில் ஏறினார், ஓட்டினார், இறங்கினார், ஆனால் பார்த்தாரல்லர். அதே காரை அரையடி நீளத்தில் தம் கையால் செய்து முடித்த ஒருவரைக் கேட்டால், அவர் கண்ணை மூடிக்கொண்டே விடை சொல்லுவார். பயன்படுத்துவோனுக்குப் பொருள் தன் பயனை மட்டுமே காட்டும். செய்யப் புகுந்தவனுக்கோ தன்னை முழுமையாகக் காட்டும்.

மாதிரிக் கார் கட்டுதல் என்பது மேலைநாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், பல்லாயிரவர் பழகிவரும் ஒரு கைத்திறன். சிறுவயதில் பொழுதுபோக்காகத் தொடங்கி, முதுமைவரை அதனை விடாது போற்றுவோர் பலர். அவர்கள் செய்வது விளையாட்டுப் பொம்மையா, கலைப்பொருளா, அன்றி வேறு ஏதேனுமா என்பதை ஆராய்ந்தால், காரைப் பற்றி மட்டுமின்றி, அன்றாட வாழ்க்கையைப் பற்றியும் சில உண்மைகள் புலனாகும்.

பொம்மைக் கார் வேறு. மாதிரிக் கார் வேறு. பொம்மைக்குச் சக்கரம் உருண்டால் போதும். மாதிரிக்கோ அளவு தவறுதல் கூடாது. உண்மைக் காரின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே விகிதத்தில் சுருங்கியிருத்தல் வேண்டும். 24-இல் ஒரு பங்கு, 25-இல் ஒரு பங்கு, 43-இல் ஒரு பங்கு ஆகியவை பெரிதும் வழக்கிலுள்ள அளவுகள். இவற்றுள் முதலாவது கணக்கிடுவதற்கு மிக எளிது. 24-இல் ஒரு பங்கு என்றால், ஓர் அடிக்கு அரை அங்குலம். 16 அடி நீளமுள்ள கார் 8 அங்குல நீளமாகும். ஆறடி உயர மனிதன் மூன்று அங்குல உயரமுடையவன் ஆவான்.

ஆனால், கணக்கு இத்துடன் முடிவதில்லை. நீளம் குறையும்போது அகலமும் உயரமும் உடன் குறைகின்றன. ஆகவே, பருமன் 24-ஐ மும்முறை பெருக்கிவரும் 13,824-இல் ஒரு பங்காகிவிடுகிறது. 1,400 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரை, அதே பொருள்களைக் கொண்டு, ஒவ்வோர் உறுப்பும் விகிதம் தவறாமல் இவ்வளவிற்குச் சுருக்க முடியுமானால், அதன் எடை ஏறத்தாழ 100 கிராமே இருக்கும். அப்படிச் செய்தல் இயலாது. காரின் மேற்கூட்டுத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனமுடையது என்று கொண்டால், மாதிரியில் அது மில்லிமீட்டரில் 24-இல் ஒரு பங்காக, எழுதும் தாளினும் மெல்லியதாக அமைய வேண்டும். தொட்டவுடன் அது நசுங்கிவிடும். எனவே, கட்டுவோர் தகட்டைத் தடிப்பாகவே அமைத்து, கண்ணில் படும் விளிம்புகளை மட்டும் அரத்தால் தேய்த்து மெலிதாக்குகின்றனர்.

வண்ணப் பூச்சும் இத்தகைய இடர் தருவதே. உண்மைக் காரின்மீது பூசப்படும் வண்ணத்தைப் போன்றே மாதிரியின்மீதும் கனமாகப் பூசினால், அது 24 மடங்கு தடித்த பூச்சாகக் காட்சியளிக்கும். கதவின் இடைக்கோடுகள் மூடிப்போகும், எழுத்துகள் மழுங்கிவிடும். வண்ணத்தில் கலந்துள்ள உலோகத் துகள்களோ கூழாங்கற்கள்போலத் தோன்றும். ஆதலின், வண்ணத்தை நீர்த்த நிலையில் பலமுறை தெளித்து, ஒவ்வொரு முறையும் உலரவிட்டு, மிக நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்து மேனியை உருவாக்குகின்றனர். இவ்வேலையில் விரைவு என்பது பகையாகும். உலராத பூச்சின்மேல் ஒரு விரல் பட்டால், பல நாளைய உழைப்பு வீணாகும். நெடுங்காலம் இக்கலையில் பழகியோர் அத்தகைய பிழை நேர்ந்தவிடத்து வருந்தி நிற்பதில்லை. பூச்சு முழுவதையும் அகற்றிவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குகின்றனர்.

இப்பொறுமையை இளைஞர்க்குப் பயிற்றுவதற்காகவே அமெரிக்காவில் ஒரு போட்டி பல ஆண்டுகள் நடைபெற்றது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த ஃபிஷர் பாடி என்னும் பிரிவு, 1930-ஆம் ஆண்டில் கைவினைச் சிறுவர் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தது. அப்பிரிவின் சின்னமாகிய பழங்காலக் குதிரைக் கோச்சு வண்டியைச் சிற்றுருவில் செய்து அனுப்புமாறு சிறுவர்களுக்கு அறைகூவல் விடுத்தது. பிரெஞ்சுப் பேரரசன் நெப்போலியன் காலத்து அரச வண்டிகளைத் தழுவியது அவ்வடிவம். வரைபடங்கள் மட்டுமே வழங்கப்பட்டன. மரத்தைச் செதுக்குதல், உலோகத்தை வளைத்தல், திண்டு தைத்தல், சிறு சக்கரங்களுக்கு ஆரக்கால் பொருத்துதல் ஆகிய அனைத்தையும் சிறுவரே செய்தல் வேண்டும். நாடெங்கும் சமையலறை மேசைகளும் வீட்டின் அடித்தள அறைகளும் தொழிற்கூடங்கள் ஆயின. மாதக்கணக்கில் மாலைப்பொழுதுகளை இதற்கே செலவிட்டோர் பலர்.

1937 முதல் புதிய கார்களை வடிவமைக்கும் பிரிவும் அப்போட்டியில் சேர்க்கப்பட்டது. இப்பிரிவில், கடையிலுள்ள காரைப் பார்த்துச் செய்தல் போதாது. இதுவரை இல்லாத ஒரு காரை மாணவன் தானே கற்பனை செய்து, 12-இல் ஒரு பங்கு அளவில் உருவாக்க வேண்டும். வெற்றி பெற்றோர்க்குக் கல்லூரிப் படிப்பிற்கான உதவித்தொகை வழங்கப்பட்டது. 1947-இல் இப்போட்டியில் முதற்பரிசு பெற்றவர் சார்லஸ் ஜோர்டான். அவர் 1949-இல் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்புக் கூடத்தில் பணியில் சேர்ந்தார். படிப்படியாக உயர்ந்து, 1986-இல் வடிவமைப்புத் துறையின் துணைத்தலைவர் ஆனார். இளமையில் மேசைமீது சிறு காரைச் செய்த கை, பின்னாளில் தெருக்களில் ஓடிய கார்களின் வடிவைத் தீர்மானித்தது. எனினும், இப்போட்டியில் ஒரு குறையும் இருந்தது. அது சிறுவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. சிறுமியர்க்கு அதில் இடமில்லை. திறமைக்கு ஆண், பெண் என்ற வேறுபாடில்லை என்பதை உணராத காலத்தின் அடையாளம் அது. 1968-இல் இப்போட்டி முடிவுற்றது.

கார்த் தொழிலிலேயே மாதிரிக்குத் தனிச் சிறப்புண்டு. 1927-இல் ஹார்லி ஏர்ல் என்பவரின் தலைமையில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் வடிவமைப்பிற்கெனத் தனிப்பிரிவு ஒன்றை நிறுவியது. காரின் உருவை முதலில் களிமண்ணில் வனைந்து பார்க்கும் முறையை அவர் அங்கே நிலைநாட்டினார். கணிப்பொறிகள் பெருகிய இக்காலத்திலும் அம்முறை முற்றும் மறையவில்லை. திரையில் அழகாகத் தோன்றும் ஒரு வளைவு, வெயிலில் எவ்வாறு ஒளிரும் என்பதைக் கையால் தடவியும் கண்ணால் சுற்றிப் பார்த்தும் அறிய வேண்டியுள்ளது. இதனால், பெரிய கார் தோன்றுவதற்கு முன்னரே அதன் மாதிரி தோன்றிவிடுகிறது எனலாம்.

கார் தோன்றி மறைந்த பின்னரோ? அங்கேதான் மாதிரி கட்டுவோரின் வேறொரு பணி தொடங்குகிறது. அதை உணர்வதற்கு, கார் என்னும் பொருள் அமெரிக்கரின் வாழ்க்கையில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதை நினைவுகூர்தல் நலம். ஹென்றி ஃபோர்டு 1908-இல் ‘மாடல் டி’ என்னும் காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1913-இல் அவருடைய தொழிற்சாலையில் வேலையாள் வண்டியை நாடிச் செல்வதற்கு மாறாக, வண்டியே வேலையாள் முன் நகர்ந்து வரும் முறை ஏற்பட்டது. அதனால் உற்பத்தி பெருகியது; விலை குறைந்தது. 1927-இல் அக்காரின் உற்பத்தி நின்றபோது, ஒன்றரைக் கோடி வண்டிகள் செய்யப்பட்டிருந்தன. செல்வரின் ஆடம்பரமாக இருந்த கார், உழவரும் தொழிலாளரும் ஏறும் வண்டியாயிற்று. வேலைக்குச் சென்றதும், விழாவிற்குச் சென்றதும், பிறந்த குழந்தையை மருத்துவமனையிலிருந்து வீட்டிற்குக் கொணர்ந்ததும் அதிலேதான். குடும்பத்தின் கதை முழுவதும் காரின் இருக்கையில் எழுதப்பட்டது.

ஆயினும், அக்கார்களில் மிகப் பெரும்பாலானவை இன்று இல்லை. ஓடித் தேய்ந்தபின் அவை பழைய இரும்பாக உருக்கப்பட்டன. அரசர் ஏறிய தேரைக் காட்சிசாலையில் வைத்துக் காப்பர். அண்டை வீட்டார் ஏறிய காரை எவரும் காப்பதில்லை. அரியவை காக்கப்படுகின்றன, எங்கும் இருந்தவையோ, எங்கும் இருந்த காரணத்தாலேயே, ஒருவர் கண்ணிலும் படாமல் மறைந்துபோகின்றன. இவ்வாறு மறைந்த எளிய பொருள்களை மீட்டுத் தருவோர் மாதிரி கட்டுவோரே. விலையுயர்ந்த பந்தயக் கார்களைச் செய்வோர் பலர் உளர். ஆயினும், நெடுநாள் பழகிய கலைஞர் பலரின் மனம், தந்தை ஓட்டிய பழைய காரையும், தெருமுனையில் நின்ற பால் வண்டியையும், பழுது பார்ப்பவரின் அழுக்கேறிய சரக்கு வண்டியையும் செய்வதிலேயே நிறைவடைகிறது.

அத்தகையோருள் மைக்கேல் பால் ஸ்மித் என்பவர் குறிப்பிடத்தக்கவர். 1950-இல் பிறந்த அவர், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் நகருக்கு அருகிலுள்ள ஸ்விக்லி என்னும் சிற்றூரில் வளர்ந்தார். படம் வரைதல், சுவர்களுக்கு அலங்காரத் தாள் ஒட்டுதல், அஞ்சல் வழங்குதல், கட்டடக் கலைஞர்களுக்கு மாதிரிகள் செய்து தருதல் எனப் பல தொழில்களைச் செய்து வாழ்ந்தார். பின்னாளில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் குடியேறிய அவர், 24-இல் ஒரு பங்கு அளவில் ஒரு சிற்றூரையே படைத்தார். அதற்கு எல்ஜின் பார்க் என்று பெயரிட்டார். கார்களில் பல, அச்சில் வார்த்த உலோக மாதிரிகள். கடைகளையும் வீடுகளையும் மெல்லிய பலகையாலும் பிளாஸ்டிக்காலும் அவரே கட்டினார். நிலப்படத்தில் அவ்வூரைக் காண முடியாது. தம் இளமைக் காலத்து ஊரின் நினைவையே அவர் அவ்வாறு உருவாக்கினார்.

அச்சிற்றூரை அவர் எடுத்த புகைப்படங்கள் உலகெங்கும் பரவின. அவற்றைக் கண்டோர், 1950-ஆம் ஆண்டுகளில் எடுத்த உண்மைப் படங்கள் என்றே மயங்கினர். அவர் பயன்படுத்தியது விலையுயர்ந்த கருவியன்று. படத்தைக் கணிப்பொறியில் ஒட்டி இணைத்ததுமில்லை. ஒரு மேசையைத் தெருவோரத்தில் வைப்பார். அதன்மீது கார்களையும் கட்டடத்தையும் நிறுத்துவார். பின்னணியில் உண்மையான மரங்களும் வீடுகளும் வானமும் அமையுமாறு கருவியைத் தாழ்த்தி வைப்பார். வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் அன்றோ!

இம்மயக்கத்தின் காரணம் கணக்கிலேயே உள்ளது. 24-இல் ஒரு பங்கு அளவுள்ள காரை 3 அடித் தொலைவிலிருந்து பார்த்தால், உண்மைக் காரை 72 அடித் தொலைவிலிருந்து பார்த்தாற்போலக் கண்ணுக்குத் தோன்றும். ஆகவே, 72 அடிக்கு அப்பால் நிற்கும் உண்மை மரம், அச்சிறு காருக்குப் பின்னே நிற்கும் மரமாகவே பொருந்திவிடுகிறது. புகைப்படக் கருவி, மூன்று அங்குல மனிதனின் கண் இருக்கும் உயரத்தில் இருத்தல் வேண்டும். சற்று உயர்ந்தாலும் அது பொம்மை என்பது வெளிப்பட்டுவிடும். மேசையின் விளிம்பு பின்னுள்ள தரையோடு கலந்து மறைய வேண்டும். இவற்றிற்கெல்லாம் மேலாக, ஒரே கதிரவனின் ஒளி சிறு காரின்மீதும் பெரிய மரத்தின்மீதும் ஒரே திசையில் விழுகிறது, நிழல்கள் ஒத்துப்போகின்றன. இந்த ஒளியின் உண்மையே கண்ணை நம்பச் செய்கிறது. ஸ்மித் தம் வித்தையை மறைத்து வைக்கவில்லை. மேசையும் மாதிரிகளும் தெரியுமாறு எடுத்த படங்களையும் அவர் வெளியிட்டார். மறைபொருள் வெளிப்பட்ட பின்னும் வியப்புக் குறையாமை அப்படங்களின் சிறப்பாகும். 2018-இல் அவர் காலமானார்.

எல்ஜின் பார்க்கில் மனித உருவங்கள் இல்லை. கார் நிற்கிறது; கடையின் விளக்கு எரிகிறது; கதவு மூடியிருக்கிறது. ஓட்டி வந்தவர் இப்பொழுதுதான் உள்ளே சென்றிருப்பார் என்று காண்போர் எண்ணுகின்றனர். அவ்விடத்தை ஒவ்வொருவரும் தத்தம் நினைவிலுள்ள முகங்களால் நிரப்பிக்கொள்கின்றனர். சொல்லாமல் விடுவதும் கலையின் ஒரு பகுதி என்பதற்கு இது சான்றாகும்.

எனினும், எதனை விட்டுவிடுவது என்பதில் எச்சரிக்கையும் வேண்டும். சிற்றுருவில் எல்லாத் தெருவும் தூய்மையாகவே தோன்றும். எல்லாக் காலமும் இனியதாகவே தோன்றும். உண்மையில் அக்காலம் அனைவர்க்கும் இனியதாக இருக்கவில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள மான்ட்கோமரி நகரில், 1955-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பின மாது, பேருந்தில் வெள்ளையர் ஒருவருக்காகத் தம் இருக்கையை விட்டு எழ மறுத்தார். அதற்காக அவர் கைது செய்யப்பட்டார். அதனை எதிர்த்து அந்நகரத்துக் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பேருந்தில் ஏறாதிருந்தனர். பலர் நெடுந்தொலைவு நடந்தனர். கார் வைத்திருந்தோர் தம் கார்களில் மற்றவரை வேலைக்கு ஏற்றிச் சென்றனர். எல்லாத் தெருவிலும் காணப்பட்ட சாதாரணக் கார்களே, உரிமைப் போராட்டத்தின் தூண்களாயின. 1956-ஆம் ஆண்டு டிசம்பரில் அப்போராட்டம் வெற்றி கண்டது.

ரோசா பார்க்ஸ் அமர்ந்திருந்த அப்பேருந்தின் கதை இன்னும் சிந்திக்கத் தக்கது. ஓடி முடிந்தபின் அது விற்கப்பட்டு, ஒரு வயலில் பல ஆண்டுகள் பண்டகசாலைபோலப் பயன்பட்டு, துருவேறிக் கிடந்தது. 2001-இல் டியர்பார்ன் நகரிலுள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் அதனை விலைக்கு வாங்கியது. 1955-இல் இருந்த நிலைக்கே அதனைப் புதுப்பித்து மக்கள் பார்வைக்கு வைத்தது. எந்தப் பொருள் வரலாற்றைச் சுமக்கப் போகிறது என்பதை அது ஓடும் காலத்தில் அறிந்துகொள்ள இயலுவதில்லை. சாதாரணமானது என்று கருதி விட்டொழித்தவற்றுள் எத்தனை இவ்வாறு மறைந்தனவோ!

ஆகவே, ஒரு காலத்துக் காரை மட்டும் அழகுறச் செய்தால் போதாது. அதில் ஏறியவர் யாவர், ஏற முடியாதவர் யாவர், அது எங்கே நிறுத்தப்பட்டது, எங்கே தடுக்கப்பட்டது என்பவற்றையும் அறிந்தவனே அதனை முழுமையாகக் கண்டவன். சிறந்த கலைஞர் பளபளப்பை மட்டும் விரும்புவதில்லை. சக்கரத்தின் விளிம்பிலுள்ள துருவையும், கதவின் அடியில் படிந்த சேற்றையும், பல கைகள் பட்டுத் தேய்ந்த இருக்கையையும் காட்டுகின்றனர். அக்கார் ஒருவருடைய வாழ்க்கையில் உழைத்தது என்பதை அத்துருவும் சேறுமே அறிவிக்கின்றன.

மாதிரிக் கார் கட்டுவோரிடமிருந்து கற்கத்தக்க பாடம் கார்களைப் பற்றியது மட்டுமன்று. எந்தப் பொருளையும் கூர்ந்து நோக்குதல், அளந்து பார்த்தல், பிழையைக் கண்டால் மனம் தளராது மீண்டும் தொடங்குதல், சிறியது என்று எதனையும் இகழாமை ஆகிய பண்புகளே அப்பாடம். வீட்டு முற்றத்தில் கிடக்கும் அரிவாள்மணையும், தாத்தாவின் பழைய மிதிவண்டியும், நாள்தோறும் பள்ளிக்கு ஏற்றிச் செல்லும் பேருந்தும் இன்று எளியனவாகத் தோன்றலாம். அவற்றுள் ஒன்றைக் களிமண்ணிலோ அட்டையிலோ அளவு தவறாமல் செய்து பார்க்க முயல்பவன், அன்றே அதனை முதன்முறையாகக் காண்பான். இன்று கண்ணாரக் கண்டவற்றையே நாளை நினைவிற் காக்க முடியும்.